ஹிஸ்கேயின் முதல் கூற்று

குரோனிங்கன்
11 மார்ச் 1991

அன்புள்ள அலைட்,

தொலைபேசியில் நாம் இருவரும் பேசியதைவிட மூச்சு விட்டதுதான் அதிகம். அதனால் எழுதுகிறேன். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. கால்வாயில் பனிக்கட்டி உடைந்து அழுக்காகக் கிடக்கிறது.

போன வாரம் துறையில் ஹிஸ்கேயின் மேசையைக் காலி செய்தேன். நாம் பிரிந்து நான்கு வருடமானாலும் மகளின் பொருட்களை எடுப்பதற்கு முன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒற்றைக் கையுறை, நிறமாலைப் படங்கள் ஒரு கட்டு, பாதி தின்ற அதிமதுர மிட்டாய்ப் பொட்டலம். மிச்ச மிட்டாயை நானே தின்று தீர்த்தேன். எனக்கு அது பிடிக்காது என்று உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய வழிகாட்டி ஊபோ, ஆய்வேட்டை அச்சிட்டுப் பட்டத்தை அவள் பெயருக்கே கொடுத்துவிடலாம் என்கிறார். பல்கலைக்கழகமும் சம்மதித்துவிட்டது. ஜூன் கடைசியில் மண்டபம் கிடைக்கும். உன் அண்ணன் குடும்பத்தோடு வருவார். வானியல் தெரியாத அவர்களுக்காக ஒரு முன்னுரை எழுதியிருக்கிறேன். புரிகிறதா என்று பார்த்துச் சொல்:

"சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீரும் காலத்தில் ஊதிப் பெருக்கும். அதன் மேலடுக்குகள் மெல்லக் கழன்று வெளியே பரவும். எஞ்சுவது சுடச்சுட ஒரு சிறு கரு. பிறகு அந்தக் கரு வேகமான காற்றை வீசத் தொடங்கும். பின்னால் வரும் வேகக் காற்று முன்னால் போன மந்தமான வாயுவை வாரித் தள்ளி ஓடாகத் திரட்டும். கருவின் புற ஊதாக் கதிர் பட்டு அந்த ஓடு ஒளிரும். அதுதான் கோள் நெபுலா. கோளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பழைய தொலைநோக்கிகளில் கோளின் வட்டு மாதிரி தெரிந்ததால் வந்த பெயர். சில பத்தாயிரம் வருடங்களில் அது கலைந்துவிடும். ஒரு நட்சத்திரம் தன்னையே தியாகம் செய்து சாகும் அந்தக் குறுகிய அழகைத்தான் ஹிஸ்கே ஆராய்ந்தாள்.

உருண்டையான நட்சத்திரம் உருண்டையான ஓடு ஒன்றைத்தானே விட வேண்டும்? பெரும்பாலானவை அப்படி இல்லை. நீள்வட்டமாக, வண்ணத்துப்பூச்சியாக, நடுவில் கயிறு கட்டிய தலையணையாக இருக்கின்றன. இடுப்பைச் சுற்றி வாயு தடித்த பட்டையாகச் சேர்ந்திருந்தால் காற்று மேலும் கீழும்தான் பிதுங்க முடியும். அந்தப் பட்டையைக் கட்டியது யார்? நட்சத்திரமே தன் சுழற்சியாலும் காந்தத்தாலும் கட்டிக்கொண்டது என்று அவள் தந்தை இருபது வருடமாகச் சொல்லிவந்தார். கூடவே சுற்றும் ஒரு துணை நட்சத்திரம் வாயுவைத் தன் பாதைக்கு இழுத்துப் பட்டையாக்கியது என்றாள் அவள். அவள் சொன்னதே சரி."

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். கடைசி அத்தியாயம் 'தலையணை'யைப் பற்றியது. அந்த நெபுலாவுக்கு அவள் வைத்த செல்லப்பெயர் அதுதான். துணை நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல். ஆனால் அது நடு நட்சத்திரத்தை இழுத்தால் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் ஆட வேண்டும். அவள் அந்த ஆட்டத்தைப் பார்த்தாள், நான்கு நாளுக்கு ஒரு முறை. ஒரு வார அளவுகள்தான் இருக்கின்றன. ஊபோவுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். உனக்கு அங்கே தொலைநோக்கியில் இரவுகள் உண்டு. நீ ஒருமுறை பார்த்து உறுதிசெய்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

டௌவே


லா பால்மா
27 மார்ச்

டௌவே,

அன்புள்ள என்று போடாதே. விவாகரத்துக் கடிதத்தில்கூட அப்படித்தான் ஆரம்பித்திருந்தாய்.

முன்னுரை என் அண்ணனுக்கு நன்றாகப் புரியும். படித்துவிட்டு அழவும் செய்வான். அதுதான் அதில் உள்ள கோளாறு. 'தியாகம்' என்பதை அடித்துவிடு. நட்சத்திரம் சாகிறது என்றும் எழுதாதே. அதற்கு எரிபொருள் தீர்கிறது, அவ்வளவுதான். சாவது என்றால் என்னவென்று இப்போது நமக்குத் தெரியும். லாரிக்காரன் திரும்பும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவன் வலப்பக்கம் அவள் சைக்கிளில் நின்றிருந்தாள். அதுதான் சாவது. அது எதையும் ஒளிர வைக்கவில்லை.

'அவள் சொன்னதே சரி' என்று எப்போது முடிவு செய்தாய்? கிறிஸ்துமஸுக்கு நான் வந்திருந்தபோது பட்டாணி சூப் ஆறி ஏடு கட்டும்வரை அவளோடு மல்லுக்கு நின்றாய். "துணை நட்சத்திரம் துணை நட்சத்திரம்ங்கிறியே, எங்க, கூட்டிட்டு வந்து காட்டு பாப்போம்" என்றாய். "உங்க காந்தத்தை நீங்க என்னைக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். நான் சூப்பை மறுபடி சூடு பண்ணப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு பேரும் மேசை விரிப்பில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜனவரி வரை உன் காந்தத்தில் உனக்கு நம்பிக்கை இருந்தது. பிப்ரவரியில் அவள் போனாள். மார்ச்சில் உன் காந்தம் தப்பாகிவிட்டது. நடுவில் புதிதாக ஒரு அளவுகூட வரவில்லை. இதற்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

மே மாதத்தில் எனக்கு இரவுகள் இருக்கின்றன. அவற்றில் தலையணையைப் பார்க்கிறேன். உனக்காக இல்லை, ஊபோவுக்காகவும் இல்லை. உன் சுருக்கம் எனக்கு வேண்டாம். அவளுடைய அளவுகள் பதிந்த நாடாக்களை அப்படியே அனுப்பு.

அலைட்


குரோனிங்கன்
14 ஏப்ரல்

அன்புள்ள அலைட்,

பழக்கம், மன்னித்துக்கொள்.

நாடாக்களைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். 'தியாக'த்தை அடித்துவிட்டேன். 'சாகும்' என்பதை விட்டுவைத்திருக்கிறேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

அவள் சைக்கிளைப் போலீஸார் திருப்பிக் கொடுத்தார்கள். முன்சக்கரம் மட்டும்தான் வளைந்திருக்கிறது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனுஷன், "சக்கரத்தை மாத்திட்டா யாருக்காவது ஆகுமே" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் அவர் வாசலில் ரொட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பட்டம் பெறுபவர் மண்டபத்தில் வாதாடிக் காக்க வேண்டிய கூற்றுகளை ஒரு தாளில் எழுதி ஆய்வேட்டுக்குள் செருகுவோமே, அதன் வரைவு அவளிடம் இருந்தது. முதல் கூற்று: "இடுப்பு ஒடுங்கிய ஒவ்வொரு கோள் நெபுலாவின் நடுவிலும் இரண்டு நட்சத்திரங்கள் உண்டு." எத்தனை தைரியம் பார். 'பெரும்பாலும்' இல்லை, 'அநேகமாக' இல்லை. கடைசிக் கூற்று வழக்கப்படி வேடிக்கையாக இருக்க வேண்டும் அல்லவா? அவள் எழுதியது: "என் அப்பா வீட்டில் காபியோடு இரண்டாவது பிஸ்கட் வேண்டுபவர், முதல் பிஸ்கட் போதவில்லை என்பதற்குச் சார்பற்ற சான்று தர வேண்டும்." நான் அப்படியா இருந்தேன்? நீ பதில் சொல்ல வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் இருபது வருட வேலை தவறான பாதை, பட்டையைக் கட்டுவது துணை நட்சத்திரம்தான், இதை என் மகள் நிறுவியிருக்கிறாள் என்று சொன்னேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. முடிந்ததும் ஊபோ நடையில் என்னைப் பிடித்து, "டௌவே, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. காந்தத்தை அப்புறமா திட்டிக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கம் வருவதில்லை என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 28, வெள்ளிக்கிழமை. பேராசிரியர்கள் எழுந்து கேள்வி கேட்டு மடக்கப் பார்க்கும் வழக்கமான எதிர்வாதம் இருக்காது. உரைகள், கொஞ்சம் இசை, பிறகு காபி. நீ வந்தால் என் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. தனி இருக்கை போடச் சொல்கிறேன்.

டௌவே


லா பால்மா
29 மே

டௌவே,

முதல் இரவுகளை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புழுதி தின்றுவிட்டது. வானம் தேநீர் நிறத்தில் இருந்தது. பிறகு தெளிந்தது. தலையணையை அது எழும்பியதிலிருந்து வெளுக்கும்வரை விடாமல் எடுத்தேன். இங்கே விடிந்ததும் ஹவாயில் இருக்கும் என் தோழி எடுத்துக்கொண்டாள். அவள் பெயர் உனக்கு வேண்டாம், அவளோடும் நீ சண்டை போட்டிருக்கிறாய்.

கோடுகள் ஆடுகின்றன. ஹிஸ்கே அளந்ததில் பிசகு இல்லை. அவளுடைய ஒவ்வொரு புள்ளியையும் திரும்ப அளந்தேன், என் கையைவிடச் சுத்தமான கை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். செப்டம்பரில் அவள் இங்கே வந்தபோது ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் வரும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் எடுத்திருக்கிறாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அவளாகத் தேர்ந்தெடுத்ததா, கிடைத்ததே அவ்வளவுதானா? அப்போது நான் சிலியில் இருந்தேன், அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஊபோவிடம் விசாரித்து எழுது. அவரிடம் இப்போதைக்கு வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

நன்றாகச் சாப்பிடு. ரொட்டி வைக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு நன்றியாவது சொல்.

அலைட்


குரோனிங்கன்
6 ஜூன்

அலைட்,

ஊபோவிடம் கேட்க வேண்டியதில்லை. எனக்கே தெரியும். தொலைநோக்கி நேரம் ஒதுக்கும் குழுவில் அப்போது நான் இருந்தேன். அவள் விண்ணப்பம் மேசைக்கு வந்ததும் எழுந்து வெளியே போனேன். அதுதான் முறை. நடையில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவளுக்காகப் பேச ஆள் இல்லை போலிருக்கிறது. கதவு திறந்தபோது மிச்சம் மீதியைத் தந்திருந்தார்கள்: பெரிய திட்டக்காரர்களின் இலக்கு எழும்புவதற்கு முன்னால் சும்மா கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதும் முறையில்லை. அவள் சந்தோஷமாகத்தான் போனாள்.

நீ எங்கே வருகிறாய் என்று எனக்குப் புரிகிறது. தினம் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறாள். இடையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

அலைட், விட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். நான் இதுவரை உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை, நீ பெட்டியோடு கிளம்பியபோதுகூட. அவள் அளவுகள் நேர்மையானவை. அவற்றிலிருந்து அவள் கண்ட முடிவு அந்த அளவுகளுக்குப் பொருந்துகிறது. அது போதும். நீ எடுத்தவற்றைப் பெட்டியில் போடு. மூன்று வருடம் கழித்து வேறு யாராவது பார்த்துத் திருத்தட்டும். உலகத்தில் இந்தத் தலையணையைப் பற்றிக் கவலைப்படுபவர்களை என் சமையலறையிலேயே உட்கார வைத்துவிடலாம். ஜூன் 28 அன்று அந்த மண்டபத்தில் அவள் சரி என்று ஒரே ஒரு நாள் இருக்கட்டும்.

அவள் உயிரோடு இருந்தபோது அவளுடைய ஒரு வாதத்தையும் நான் ஏற்கவில்லை. நீ அதைத்தான் சுட்டிக் காட்டினாய். அதை இப்போதாவது செய்ய விடு.

டௌவே


லா பால்மா
14 ஜூன்

டௌவே,

உன் கடிதம் மூன்று நாளாக என் பையிலேயே கிடக்கிறது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் சரி என்றே எழுதியிருந்தேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

தலையணையின் நடுவில் துணை நட்சத்திரம் இருப்பதற்கு என்னிடம் சான்று இல்லை. துணை இருந்தால் ஆட்டம் கடிகாரம் மாதிரி இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. ஒரு இரவில் சில மணி நேரத்துக்குள் ஏறி இறங்கி மறுபடி ஏறுகிறது. அடுத்த இரவில் சும்மா கிடக்கிறது. கருவிலிருந்து வீசும் காற்றுதான் சீரில்லாமல் குமுறுகிறது, கோடுகளை அதுதான் ஆட்டுகிறது. ஹிஸ்கே பத்து வயதில் நம்மோடு கடற்கரை விடுதியில் இருந்தபோது தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, கடல் ஏறி இறங்க இரண்டு வாரம் ஆகிறது என்று சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? அவள் பார்த்தது பொய்யில்லை. நடுவில் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை ஏறி இறங்கியதைத்தான் அவள் பார்க்கவில்லை. அவளுடைய நான்கு நாள் அப்படி வந்ததுதான்.

அவள் எண்ணமே தப்பு என்று நான் சொல்லவில்லை. மற்ற நெபுலாக்களில் துணை இருக்கலாம், நிறையவே இருக்கலாம். இந்த நட்சத்திரம் அவளுக்குச் சாட்சி சொல்லவில்லை, அவ்வளவுதான். உன் காந்தத்துக்கும் சொல்லவில்லை. கயிற்றைக் கட்டியது யாரென்று நமக்குத் தெரியாது.

ஊபோவுக்கு எழுதிவிட்டேன். என் அளவுகள் என் பெயரில் தனிக் கட்டுரையாக வரும். அவள் அத்தியாயத்திலும் கூற்றிலும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது அவள் எழுதியது.

இப்போது நான் சொல்வதைக் கேள். விபத்துக்கு முந்தின நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். உன்னோடு காபி குடித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். "அப்பா இன்னைக்கும் மசியலம்மா" என்றாள். "உனக்குக் கஷ்டமா இல்லையாடி?" என்று கேட்டேன். சிரித்தாள். "போம்மா, அவர் ஒத்துக்கிட்டார்னா நான் என்னமோ சின்னப் பிள்ளை மாதிரி ஆயிடுவேன். ஊபோ எதுக்கெடுத்தாலும் தலையை ஆட்டுறாரு, அவர்கிட்ட பேசிட்டு வந்தா நான் யோசிச்சதே எனக்கு மறந்து போகுது. அப்பா ஒருத்தர்தான் நான் சொல்றதை உண்மைன்னு நெனச்சு எதுக்குறாரு." இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நீ அவளுக்குக் கொடுத்தது அந்தச் சண்டை ஒன்றுதான், டௌவே. அதையும் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறாய். பட்டம் வாங்க வருகிறவளைக் கேள்வி கேட்காமல் அனுப்பினால் அது பட்டம் இல்லை, மலர்வளையம். எதிர்வாதம் வை என்று ஊபோவிடம் சொல். யாராவது எழுந்து அவளைக் கேட்கட்டும்.

நான் வரவில்லை. பயணச்சீட்டு வாங்கிவிட்டேன், ஆனாலும் வரவில்லை. அந்த மண்டபத்தில் என்னால் உட்கார முடியாது. கோழை என்று நினைத்துக்கொள்.

அலைட்


குரோனிங்கன்
30 ஜூன்

அலைட்,

முடிந்தது. உன் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஊபோவிடம் எதிர்வாதம் வேண்டும் என்றேன். "யார் எந்திரிச்சுக் கேப்பாங்க டௌவே? எனக்கு வாய் வராது" என்றார். நான் கேட்கிறேன் என்றேன். தகப்பன் எதிர்வாதியாக இருக்கக் கூடாது, அது முறையில்லை என்றார்கள். முறைப்படி ஒருமுறை வெளியே போய் நின்றேன், இனி நிற்க மாட்டேன் என்றேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பேராசிரியர்கள் கறுப்பு அங்கியில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பட்டத்துக்கான விண்ணப்பதாரர் நிற்கும் மேடை காலியாக இருந்தது. யாரோ அதில் பூ வைத்திருந்தார்கள், எடுக்கச் சொன்னேன். அவளுடைய இரண்டு தோழிகள் இருபுறமும் நின்றார்கள், உடன் நிற்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர்கள். முதல் கூற்றை அவர்களில் ஒருத்தி படித்தாள். குரல் உடையவில்லை.

நான் எழுந்தேன். வழக்கப்படி "பெருமதிப்பிற்குரிய விண்ணப்பதாரரே" என்று ஆரம்பித்தேன். 'ஒவ்வொரு' என்ற சொல்லை எதை நம்பி எழுதினீர்கள் என்று கேட்டேன். தலையணையின் கோடுகளை இரவு முழுக்கப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கடிகாரம் கிடைக்கவில்லை, குமுறும் காற்றுதான் கிடைத்தது என்று உன் அளவுகளைச் சொன்னேன். தினம் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு நான்கு நாள் என்று சொல்வது அவசரம் என்றேன். துணை இல்லாவிட்டால் அந்தப் பட்டையைக் கட்டியது யார், என் காந்தம் என்றால் நீங்கள் ஏற்பீர்களா, ஏற்காவிட்டால் ஏன் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசையில் உன் அண்ணி கைக்குட்டையை எடுத்தாள். என் குரலில் அப்போது கோபம்தான் இருந்தது அலைட், வீட்டு மேசையில் இருப்பது மாதிரியே.

கேள்வியை முடித்துவிட்டு நான் உட்காரவில்லை. எதிர்வாதி பதில் வரும்வரை நிற்க வேண்டும் என்பது முறை. நின்றேன். ஊபோ தலையைக் குனிந்துகொண்டார். அவளிடம் பதில் இருந்திருக்கும். நான் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து ஒன்றை எடுத்திருப்பாள், எனக்கு அதை மடக்க ஒரு வாரம் பிடித்திருக்கும். என்ன பதில் என்று அங்கே நின்றபடி யோசித்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. முப்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். ஒன்றுமே வரவில்லை.

பிறகு கதவு திறந்தது. நேரம் பார்த்து எதிர்வாதத்தை முடித்துவைக்கும் கோல்காரர் உள்ளே வந்தார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. எல்லா நாளும் போலக் கோலைத் தரையில் தட்டி, நேரம் முடிந்தது என்று லத்தீனில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் என் அங்கியைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றேன்.

டௌவே